டம்ளர் நிறைய நல்லெண்ணெய்

என் மகளின் முழங்கையில் அந்தக் கட்டிகளை நான் முதலில் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது. எழுபதுகளின் தொடக்கம்; அவளுக்கு ஏழு வயது. முழங்கை முனையில் ஏதோ தட்டுப்பட்டது. சீயக்காய்த் தூள் காய்ந்து ஒட்டியிருக்கிறதென்று நகத்தால் சுரண்டினேன். "எரியுதும்மா" என்று கையை இழுத்துக்கொண்டாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். துவரம்பருப்பு அளவில், அந்தப் பருப்பின் நிறத்திலேயே, தோலுக்குள் இரண்டு மேடுகள். மற்றக் கையிலும் அதே இடத்தில் ஒன்று. குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பைத் தொட்டால் கயிறு மாதிரித் தடித்திருந்தது. வாரம் தவறாமல் தேய்த்துவிட்ட கை என் கை. இத்தனை நாள் கண்ணை எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்குப் பின்னாலேயே பயம் வந்தது. அன்றைக்கு வந்த பயம்தான், இன்னும் முழுசாகப் போகவில்லை.

தேனியில் எங்களுக்கு எண்ணெய் ஆலை. ஆலையின் பின்கட்டில்தான் வீடு. என் கணவர் என் சொந்த அத்தை மகன். அத்தான் என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன். தேவதானப்பட்டியிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது அங்கே இரண்டு ரோட்டரி செக்கு ஓடிக்கொண்டிருந்தது. மயிலாடும்பாறைப் பக்கத்திலிருந்து எள்ளும் கடலையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெயைத் தவிர மற்றதை அத்தான் எண்ணெய் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்று ஆலைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார். "அப்ப நமக்கு நாமளே குடுத்துக்கிறணுமா அத்தான்?" என்று நான் கேலி செய்வேன். அப்போதெல்லாம் எனக்குக் கேலி வரும்.

கட்டிகளைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். கொழுப்புக்கட்டி, தானாகக் கரையும் என்றாள் ஒருத்தி. கண்ணேறு என்று ஒருத்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். ஒரு வருஷம் வீணாகப் போனது. பருப்பளவு இருந்தது மொச்சையளவு ஆனது. அதன் பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே வயதான டாக்டர் ஒருவர். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து வரச்சொன்னார். போனபோது காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார்.

"ரத்தத்துல கொலஸ்ட்ரால், அம்பது வயசு ஆளுக்கே இருக்கக்கூடாத அளவு இருக்கு. ரத்தக்குழாய்ல படிஞ்சு அடைச்சுதுன்னா இருதயம் நின்னுபோகும். சின்னப் பிள்ளைன்னெல்லாம் அது பார்க்காது."

மகள் பக்கத்திலேயே நின்று சுவர்க் காலண்டரில் இருந்த மானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை, கறி, நெய், வெண்ணெய், பால் எதுவும் தொடக்கூடாது என்றார். அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எண்ணெய்ங்கய்யா? எங்களுக்கு எண்ணெய் ஆலைங்க."

"எண்ணெய் தாராளமா குடுங்க. செடியில இருந்து வர்றதுல கொலஸ்ட்ராலே கிடையாது."

அது பொய்யில்லை. அன்றைக்கு எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்தது அதுதான். ஊரையே குறை சொல்லும் என் வாய்கூட அவரைக் குறை சொன்னதில்லை. திரும்பி வரும்போது அத்தான் முகத்தில் உயிர் வந்திருந்தது. "தப்பிச்சோம்த்தா. பிள்ள திங்க வேண்டியது நம்ம வீட்டுலயேதான இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் அடுப்படியில் ராணுவ ஆட்சி. வளர்த்த கோழிகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். முட்டைக்குப் பதில் அவித்த கடலை. நெய் ஊற்றும் இடத்திலெல்லாம் நல்லெண்ணெய். பள்ளிக்கூடத்துக்கு எள்ளுருண்டை. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி எண்ணெய், கொழுப்பைக் கரைக்குமென்று. இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. எண்ணெய் ஆலைக்காரி வீட்டில் மருந்து வேறு எதுவாக இருக்கும்?

கட்டிகள் குறையவில்லை. முட்டியில் வந்தது, விரல் கணுவில் வந்தது. எங்கேயோ போய்த் திருட்டுத்தனமாக நெய் தின்கிறாள் என்று நினைத்தேன். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் மைசூர்பாகு கொடுத்ததைப் பார்த்துவிட்டேன். தெருவில் நின்று, "எம்பிள்ளய கொல்லப் பாக்குறியாடி?" என்று கேட்டேன். பாவம், அவள் அழுதாள். அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாரும் என் மகளுக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை. கட்டி பெருக்கப் பெருக்க நான் எண்ணெயைக் கூட்டினேன்.

அந்த வருஷங்களின் பயத்தை எப்படிச் சொல்வது? காலையில் சடை பின்னும்போது என் இடது கை அவள் கழுத்தடியில் இருக்கும், துடிப்பைப் பார்க்க. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் எனக்கு மூச்சு வராது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி என்றால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். மத்தியானம் ஆலை வாசலில் யாராவது சத்தமாகப் பேசினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். லோடு இறக்க வந்தவர்களாக இருக்கும். "எதுக்கக்கா இப்பிடி அரண்டு வாரீக?" என்று சிரிப்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். ஆனால் என் பேய் என் பிள்ளையின் முழங்கையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே உட்கார்ந்திருந்ததே, நான் என்ன செய்ய?

பதிமூன்று வயதில் அவள் பெரியமனுஷி ஆனாள். எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து தென்னந்தட்டியால் குச்சு கட்டவேண்டும். பெண் பதினாறு நாள் அதற்குள் இருப்பாள். விடிந்ததும் பச்சை நாட்டுக்கோழி முட்டையை முனையில் தட்டிக் குடிக்கக் கொடுப்போம். காலியான அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை அளந்து ஊற்றி அதையும் குடிக்க வைப்போம். இடுப்பு எலும்புக்கு வலு, நாளைக்குப் பிள்ளை பெற வேண்டியவள். முதல் முட்டை மாமன் கையால்.

என் தம்பி கூடை நிறைய முட்டையோடு வந்து இறங்கினான். வாசலிலேயே மறித்தேன்.

"முட்டை உள்ள வரக்கூடாது."

"என்னக்கா பேசுற? மாமன் முட்டை குடுக்காம பிள்ளய குச்சுக்குள்ள உக்காத்துறது எந்த ஊரு வழக்கம்?"

"ஏலே, ஒன் வழக்கத்த ஒன் வீட்டுல வச்சுக்க. முட்டை உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. வந்த சனம் முணுமுணுத்தது. சாங்கியத்தில் குறை வைத்தால் நாளைக்கு யார் கேட்பார்கள் என்று ஒரு பெரியம்மா ஆரம்பித்தாள். அப்போது நானேதான் வழி சொன்னேன்: முட்டை வேண்டாம், அதற்கும் சேர்த்து எண்ணெயைக் கூட்டிக் கொடுத்துவிடலாம். எல்லோருக்கும் சரியென்று பட்டது. முட்டை இல்லையென்றால் அளக்க ஓடும் இல்லையே. டம்ளரை எடுத்தேன். முட்டை ஓடு எவ்வளவு கொள்ளும், டம்ளர் எவ்வளவு கொள்ளும்? அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. தம்பி தன் கையால் முதல் டம்ளரைக் கொடுத்தான். பதினாறு நாளும் காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் உளுந்தங்களியில் குழி நிறைய. அத்தான் அதற்கென்று புது எள் வாங்கித் தனியாக ஆட்டினார். சாங்கியமும் கெடவில்லை, பிள்ளையையும் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த சித்திரையில் ஒரு காகிதத்துக்காக நானும் அவளும் பெரியகுளம் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தோம். திரும்புகையில் தேனி பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. "வாடி" என்று நான் முன்னால் ஓடினேன். என்றைக்கும் அவளை ஓடவிடாதவள், அன்றைக்கு வெயிலில் புத்தி மழுங்கி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவள் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாள். மாம்பழக் கூடைக்காரிகள் சுற்றி நின்றார்கள். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை.

"அம்மா, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும்மா. தாடையெல்லாம் இழுக்குது."

"வெயிலுத்தா, வேற ஒண்ணுமில்ல" என்று ஒருத்தி தண்ணீர் தெளித்தாள். வெயிலில்லை என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது வந்துவிட்டது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தில் விரலை வைத்து எண்ணினேன். எதை எண்ணினேன், எதுவரை எண்ணினேன் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவளாக எழுந்து, "போவமா?" என்றாள்.

மறுநாளே மதுரை. பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அந்த இடத்தில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டரம்மா. அவர் மகளின் கட்டி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் பார்த்திருக்காங்களா?"

பார்த்தார்கள். எனக்கும் அத்தானுக்கும் ஒன்றுமே இல்லை, எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மாவின் புருவம் நெளிந்தது. பிள்ளைக்கு இந்த அளவு ஏறியிருந்தால் பெற்றவர்களுக்கும் ஏறியிருக்கவேண்டுமாம். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். அத்தை மகன் என்றேன். தலையாட்டிக்கொண்டே, அவள் ஒரு மாதம் என்னென்ன சாப்பிடுகிறாள், ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு போனேன். முட்டை இல்லை, பால் இல்லை, நெய் இல்லை என்று சொட்டுப் பிசகாமல் நடந்துகொண்டதற்கு அவர் என்னைப் பாராட்டுவார் என்றுகூட நினைத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, "காலைல எண்ணெய், இது தினமுமா?" என்றார்.

"தினமுந்தான். எங்க ஆலை எண்ணெய், சுத்தமானது. பெரியமனுஷி ஆனப்ப டம்ளர் டம்ளரா குடுத்தேன்."

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். மகளிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கொழுப்பை இனம் இனமாகப் பிரித்துக் காட்டும் மெஷின் அவர் படித்த ஊரில்தான் இருக்கிறது, அங்கே அனுப்பவேண்டும், பதில் வர நாளாகும், அதுவரை எண்ணெயைக் குறையுங்கள் என்றார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. நான் தைரியமில்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பதில் வந்த அன்று அத்தானுக்குக் காய்ச்சல். நானும் மகளும் மட்டும் போனோம். மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மா என்னிடம் பொறுமையாகச் சொன்னார். நம் உடம்பில் கொலஸ்ட்ரால் இருப்பதுபோலச் செடிகொடிகளுக்கும் அதே சாயலில் ஒரு கொழுப்பு உண்டு. எள்ளில், கடலையில், தேங்காயில், எண்ணெயில் நிறைய உண்டு. சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லோரும்தான் அதைச் சாப்பிடுகிறோம். ஆனால் குடல் அதை உள்ளே வைத்துக்கொள்ளாது, திருப்பி வெளியே தள்ளிவிடும். என் மகளின் குடலுக்கு அப்படித் தள்ளிவிடத் தெரியவில்லை. வந்ததெல்லாம் உள்ளேயே தங்கி, ரத்தத்தில் ஏறி, நரம்பில் படிந்து, முழங்கையில் மேடாகி, நெஞ்சுக்குப் போகும் குழாயிலும் படிந்திருக்கிறது. எதனால் என்று கேட்டேன். எது கெட்டுப்போயிருக்கிறதென்று உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாதம்மா என்றார்.

தெரிய இன்னும் இருபது வருஷம் பிடித்தது. குடலிலும் ஈரலிலும் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இரண்டு புரதங்கள் ஜோடியாக உட்கார்ந்திருக்குமாம். உள்ளே வந்த செடிக் கொழுப்பைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளுவதுதான் அவற்றின் வேலை. சுளகில் எள்ளைப் போட்டுப் புடைக்கும்போது தூசி தனியாக வெளியே போகிறதே, அந்த மாதிரி. ஜோடியில் ஒன்று கெட்டால் மற்றது இருந்தும் பிரயோசனமில்லை. அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பு ஒவ்வொருவருக்கும் அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று வருமாம். எனக்கும் அத்தானுக்கும் ஒரே தாத்தா. அவர் வழியாகவோ பாட்டி வழியாகவோ வந்த கெட்ட பாதி எங்கள் இருவரிடமும் ஒவ்வொன்று இருந்திருக்கிறது. நல்ல பாதியும் கூடவே இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு இரண்டு பாதியும் கெட்டதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதையெல்லாம் பிறகு ஒரு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தில் புரதம் இரண்டும் சின்னச் சின்னக் குழாய் மாதிரி இருந்தன. இவ்வளவுதானா என்று நினைத்தேன். இவ்வளவுதான்.

எண்ணெய் நின்றது. எள், கடலை, தேங்காய் எல்லாம் நின்றது. ஆடை நீக்கிய பாலும் கோழிக்கறியும் வீட்டுக்குள் வந்தன. தண்ணீரில் கரைத்துக் குடிக்க மணல் மாதிரி ஒரு மருந்துப் பொடி. ஆலையை மூடவில்லை, மூடினால் சோறு ஏது? ஆனால் வீட்டை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டோம். அத்தான் ஆலையிலேயே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வாசனையால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை. சாகும்வரை அப்படித்தான் வந்தார். ஒரு வருஷத்தில் விரல் கணுவில் இருந்தவை அமுங்கின. முழங்கையில் தொட்டால்தான் தெரியும் என்று ஆனது. நெஞ்சுவலி அவ்வப்போது வந்து போகும், பிறகு அதுவும் குறைந்தது. இருதயக் குழாயில் படிந்தது எவ்வளவு திரும்பும் என்று யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. போன் அடித்து அவள் எடுக்க நேரமானால் இன்னும் ஒவ்வொரு மணியாக எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

பதில் வந்த அந்த நாளைப் பற்றி யாரிடமும் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. தேனி பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை எப்படியோ அடக்கிக்கொண்டு வந்தேன். உசிலம்பட்டி தாண்டியதும் முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பெற்றவளே அளந்து அளந்து ஊற்றியிருக்கிறேனே, பேய்கூடத் தன் பிள்ளைக்கு இப்படிச் செய்யாதே. ஜன்னலோரம் இருந்த மகள் என் காதருகில் வந்தாள்.

"டாக்டரம்மா சொன்னது வெளிய எனக்குக் கேட்டுச்சும்மா. ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீல்ல?"

"சொல்லு."

"நீ குடுத்த எல்லாத்தையும் நான் குடிக்கல. கொமட்டும். குச்சுக்குள்ள இருந்தப்ப, நீ தண்ணி எடுக்கப் போற அன்னைக்கெல்லாம் தென்னந்தட்டிக்கு அங்கிட்டு ஊத்திருவேன். எள்ளுருண்டைய பள்ளிக்கொடத்துல பாதிப் பேருக்குக் குடுத்துருவேன்."

இந்தப் பிள்ளை பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அவள் ரெண்டு கையையும் பிடித்து இழுத்து, பஸ்ஸில் ஆள் இருப்பதையும் மறந்து உலுக்கினேன்.

"ஏண்டி, படுபாவி, மிச்சத்தையும் கொட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"மத்த நாளெல்லாம் நீ பக்கத்துலயே நின்னியேம்மா" என்றாள்.